நிழலில் பையன் பிழைத்துக்கொண்டான்

என் கணவருக்கு எதைப் பார்த்தாலும் சிலுவைதான் தெரியும். ஜன்னல் கம்பியில் தெரியும், கரண்ட் கம்பத்தில் தெரியும், நான் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவைத்த கொடிக்கயிற்றில்கூடத் தெரியும். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் எங்கள் சபையின் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுப்பார். அவரிடம் இருந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். பழைய ஏற்பாட்டுக் கதைகளெல்லாம் நிழல். பல நூறு ஆண்டு கழித்து வந்த மேசியா, அதாவது ஏசு, அவர்தான் நிஜம். மீன் வயிற்றுக்குள் கிடந்து உயிரோடு வெளியே வந்தவன், அண்ணன்மார் குழியில் தள்ளி விற்ற தம்பி, வனாந்தரத்தில் கம்பத்தின் மேல் தூக்கிவைத்த வெண்கலப் பாம்பு, எகிப்தில் வாசல் நிலையில் பூசிய ஆட்டு ரத்தம், எல்லாமே வரப்போகிறவருக்கு முன்னால் விழுந்த நிழல்கள். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்கு நிழல்?" என்று கேட்பார். வகுப்பு மொத்தமும் "ஏசுவுக்கு!" என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரை விடமாட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். சாம்பாரில் உப்பு குறைந்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இந்தச் சாம்பார் யாருக்கு நிழல்?" என்பார். "நாளைக்கு வைக்கப்போற சாம்பாருக்கு. பேசாம சாப்பிடுங்க" என்பேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது வேடிக்கையாக இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை, கேட்கிறவர்கள்தான் தாழ்த்திக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் சபைப் பெண்கள் எனக்குச் சாராளைச் சொன்னார்கள். ஆபிரகாமின் மனைவி, கிழவியான பிறகு ஈசாக்கைப் பெற்றவள். அன்னாளைச் சொன்னார்கள். ஆலயத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய அழுது பிள்ளை வாங்கியவள். சபையே திரண்டு என் மேல் நிழல் விரித்தது. நிஜம் வரவில்லை. நாற்பதைத் தாண்டியதும் அவர்கள் சாராளைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் கூடுதலாக வலித்தது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். வேலைக்காலத்தின் பெரும்பகுதி கல்வராயன் மலையில், கரியாலூரைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் கழிந்தது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடப்பேன். கர்ப்பிணிகளைத் திட்டித் திட்டி மாத்திரை விழுங்கவைப்பேன். வண்டி ஏற முடியாத மழையில் வீட்டிலேயே பிரசவமும் பார்த்திருக்கிறேன். பிள்ளை முதல் சத்தம் போட்டதும் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக வைத்திருந்ததில்லை. வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் வாடகை வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. இரண்டே அறை, ஒரு சமையலறை, பின்னால் முருங்கையும் செம்பருத்தியும் நிற்கிற கொஞ்சம் இடம். ஆனால் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக மனம் வராது. சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் கோபக்காரி என்ன செய்வாள்? ரேடியோவோடு சண்டை போட்டேன். தண்ணீர்க் குழாயோடு போட்டேன். மலையூர்களில் சனிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்த ஆள் வேண்டும் என்று சபையில் கேட்டபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும் நாள். அந்த நாளை அந்த வீட்டில் கழிக்க என்னால் முடியவில்லை.

காலை பஸ்ஸில் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகளில் காது அடைத்துத் திறக்க, கரியாலூரில் இறங்குவேன். அருவிக்குப் போகும் பைக் பையன்கள் டீக்கடையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கிருந்து மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் கூட்டம் நடக்கும் ஊர். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓர் அறை வீடு. ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். "நர்சம்மா வந்துட்டாங்க" என்பார்கள். ஒரு காலத்தில் அதைக் கேட்டால் குழந்தைகள் ஓடி ஒளியும்.

எனக்குச் சொந்தமாகப் பாடம் ஒன்றும் தெரியாது. அவருடைய பாடத்தையே, அவருடைய வரிசையிலேயே எடுத்தேன். கடைசியில் அவர் கேட்பதையே கேட்டேன். மலைப் பெண்களுக்கு அது பிடித்துப்போனது. "இது யாருக்கு நிழல்?" என்று நான் முடிப்பதற்குள் "ஏசுவுக்கு!" என்று கூரை அதிரும். எல்லாரிலும் உரக்கச் சொல்கிறவள் அந்த வீட்டுக்காரி. அவளுடைய ஒரே மகன் என் கையில் பிறந்தவன். மழை கொட்டிய ஒரு மத்தியானம், இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு நான் வெளியே எடுத்த தலை அது. அவள் புருஷன் மலைச்சாமியை விடாதவர். நாங்கள் பாட ஆரம்பித்தால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விடுவார். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை ஆபிரகாமின் பாடம். நான் போனபோது அவள் சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. காய்ச்சலாக இருக்கும், முடிந்ததும் மாத்திரை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அன்று கம்மியாகத்தான் பேசினார்கள். நானாக ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் கதையைத் தொடங்கிவிட்டேன்.

கடவுள் ஆபிரகாமிடம் அவனுடைய நேசப் பிள்ளை ஈசாக்கைப் பலியாகக் கேட்டார். தகப்பன் விடியலில் எழுந்து விறகைப் பிளந்தான். பையனை அழைத்துக்கொண்டு நடந்தான். மலை தெரிந்ததும் வேலைக்காரர்களைக் கீழே நிறுத்திவிட்டு, விறகைத் தூக்கிப் பையன் தோளில் வைத்தான். நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆடு எங்கே அப்பா என்று பையன் கேட்டான். இந்த இடத்தில் என் கணவர் நிறுத்துவார். நானும் நிறுத்தினேன்.

"ஒரே மகன். கட்டையத் தோள்ல சுமந்துகிட்டு மலை ஏறுறான். இது யாருக்கு நிழல்?"

"ஏசுவுக்கு!" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு சுவரோரத்திலிருந்து ஒரு குரல் தனியாக வந்தது.

"எம் புள்ளைக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இத்தனை வாரம் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தானா என்று வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்தாள். "நர்சம்மா, உங்களுக்குத் தெரியாதா? அவ புள்ள ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போனான் இல்ல. கூடப் போன ரெண்டு பேரும் வந்துட்டானுங்க. இவன் மட்டும் வரல. காட்டுல யாரோ சத்தம் போட்டாங்களாம், எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டாங்களாம். கடைசியா பாக்கறப்ப கட்டையத் தோள்ல வெச்சிக்கினு மேல ஏறிக்கினு இருந்தானாம்."

மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது யாரோ ஒருவர் வந்து பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். என்ன மரம் என்று மலையில் யாரும் கேட்க மாட்டார்கள். செம்மரம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கதையைப் பாதியில் விட்டால் அது இன்னும் கொடுமை. தோளில் விறகோடு பையன் பாதி மலையிலேயே நின்றுவிடுவானே. அவசர அவசரமாக முடித்தேன். தகப்பன் பையனைக் கட்டி விறகின் மேல் கிடத்திக் கத்தியை ஓங்கினான், வானத்திலிருந்து தூதன் கூப்பிட்டான், பையன் மேல் கையைப் போடாதே என்றான், திரும்பிப் பார்த்தால் புதரில் கொம்பு சிக்கி ஒரு ஆட்டுக்கடா நிற்கிறது, பையனுக்குப் பதிலாக அதைப் பலியிட்டான், பையன் பிழைத்துக்கொண்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் பழகின பாதையில் போய்விட்டது. நிழலில் தகப்பன் கையைத் தடுக்க ஒரு சத்தம் வந்தது, நிஜத்தில் யாரும் தடுக்கவில்லை, நிஜத்தில் மகன் மரித்தார் என்று அவருடைய கடைசி வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன்.

அவள் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கோபமில்லை, அழுகையில்லை. மாத்திரை எத்தனை வேளை என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"நெழல்ல புள்ள பொழச்சிக்கிச்சு. நெஜத்துல செத்துட்டாரு. எம் புள்ள நெழலா, நெஜமா, நர்சம்மா?"

என் கணவர் எனக்கு விட்டுப்போன பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. நர்ஸ் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வலியில் கிடக்கிறவள் கண்ணைப் பார்த்துக் கேட்டால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லிவிடுவோம். அவள் கையைப் பிடித்தேன். "நிழல்தான். பொழச்சு வருவான்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே அவரோடு மனதுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் ஏசு உயிர்த்தெழுந்ததைச் சொல்லியிருக்கலாமே என்பார் அவர். முதல் நாளில் கிடக்கிறவளுக்கு மூன்றாம் நாளை எப்படிங்க சொல்றது என்பேன் நான். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வேதத்தை எடுத்து அந்த அதிகாரத்தை மறுபடி படித்தேன். எத்தனையோ தடவை அவர் வாயால் கேட்ட அதிகாரம். பலி முடிந்த பிறகு ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பிப் போனான் என்று இருக்கிறது. பையனும் கூட இறங்கினான் என்று இல்லை. விரலை வைத்து இரண்டு முறை தேடினேன். இல்லை. பையன் மலையிலிருந்து வந்ததைத் தாய் பார்த்தாள் என்றும் இல்லை. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் சாராள் செத்துக் கிடக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அவனும் வந்தான் என்று ஒரு வார்த்தை எழுதினால் எழுதினவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? இதைக் கேட்டுச் சண்டை போடக்கூட எதிரில் ஆள் இல்லை. அன்றைக்கு அவரை நினைத்து அழுத மாதிரி அவர் செத்த அன்றுகூட நான் அழவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரி ஒன்று எங்கள் தெருவில் நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து அவள் இறங்கினாள். பின்னால் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு கருப்புக் கடா நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் மட்டும் வெள்ளை. டிரைவரும் அவளும் சேர்ந்து அதை இறக்கி, என்னைக் கேட்காமலேயே முருங்கை மரத்தில் கட்டினார்கள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கெடா அங்க மொதல்லயே இருந்துச்சா இல்லீங்களா, பொதருல? தூதன் சத்தம் குடுக்கறதுக்கு முன்னாலயே வந்து நின்னுச்சு இல்ல? அப்ப எம் புள்ளைக்கும் ஒண்ணு தயாரா இருக்கணும். இல்லன்னா சாமி இன்னாத்த எடுத்துக்கும்?"

பலியெல்லாம் முடிந்துபோன விஷயம், ஏசுவோடு தீர்ந்தது, இனி கடவுள் ஆடு மாடு கேட்பதில்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நான் வெட்டச் சொல்லலீங்க. கட்டி வெச்சிருங்கன்றேன். மேல கட்டுனா திருவிழாவுக்குப் புடிச்சிக்கினு போயிடுவாங்க. பொழச்சு வருவான்னு சொன்னது நீங்க. நீங்கதான் வெச்சிருக்கணும்" என்றாள். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அதே லாரியில் போய்விட்டாள்.

என் கணவர் இருந்திருந்தால் அந்த ஆட்டைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார். ஆபிரகாமின் கடா செம்மறி. இது வெள்ளாடு. நியாயத்தீர்ப்பு நாளில் செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். இடப்பக்கத்துக்குப் போகவேண்டியது என் செம்பருத்தியை மொட்டையடித்துக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுப் பாயம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "எங்க வூட்லயும் இதே கதைதான் அக்கா. பக்ரீத்துக்குப் பக்ரீத் கெடா வாங்கியாந்து கட்றோம். என் புள்ளைங்க வருஷா வருஷம் அழுவுதுங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பேரு மட்டும் வெச்சிடாதீங்க" என்றாள்.

பேர் வைக்கவில்லை. அதில் நான் கறாராக இருந்தேன். "ஏய்" என்பேன், "இந்தா" என்பேன். பாயம்மா தினமும் காலையில் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை மதிலுக்கு மேல் நீட்டுவாள். அதைப் பார்த்ததும் அது இரண்டு காலில் நிற்கும். ஒரு நாள் கொடியில் காயப்போட்டிருந்த என் கணவரின் வேட்டியை, அவர் போன பிறகும் நான் அவ்வப்போது துவைத்துக் காயப்போடுகிற வேட்டியை, ஒரு மூலை தின்றுவிட்டது. அடிக்கக் குச்சியைத் தேடினேன். அதற்குள் அது கரையை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தது. சாம்பாரைக் கேலி செய்கிறவரின் அதே முகம். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எனக்கே திடுக்கென்றிருந்தது.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் யாராவது நிறுத்திப் பேசினால், "வூட்ல கட்டிப்போட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அவசரம் ஒன்றுமில்லை. வீட்டில் எனக்காக ஒன்று காத்திருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அவ்வளவு ஆசை. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அது கத்தும். "வரேன், வரேன், இன்னா அவசரம்?" என்பேன். அது கத்துவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே சமைப்பேன். அவரிடம் போட வேண்டிய சண்டைகளையெல்லாம் அதனிடம் போட்டேன். சாராளைப் பற்றிக்கூடச் சொன்னேன். அசைபோட்டுக்கொண்டே கேட்டது. சபையில் யாரும் அவ்வளவு பொறுமையாக என்னைக் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் மலைக்குப் போனால் அவள் மகனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். "கெடா நல்லா இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்றால் முகம் தெளியும். எழுந்து போய் அடுப்பை மூட்டுவாள். கடா தின்றால் மகன் எங்கேயோ தின்கிறான். அப்படி ஒரு கணக்கை அவளே போட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

ஒரு நாள் எதிர்வீட்டு விசேஷத்தில் மிஞ்சின சோற்றை யாரோ அன்பாகக் கொண்டுவந்து அதன் முன் கொட்டிவிட்டார்கள். மத்தியானம் பார்க்கிறேன், இடப்பக்க வயிறு மேளமாக உப்பி, வாயில் நுரையோடு படுத்துக் கிடக்கிறது. இது செத்தால் மலையில் ஒரு தாய்க்கு மகன் செத்துவிடுவான். பாயம்மாவைக் கூப்பிட்டேன். அவள் தலையைத் தூக்கிப் பிடிக்க, நான் கடலை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். வயிற்றை அழுத்தித் தேய்த்தோம், எழுப்பி நிறுத்தினோம், நடக்கவைத்தோம். என் வேலைக்காலத்தில் எந்தப் பிரசவத்துக்கும் நான் அப்படி ஜெபித்ததில்லை. வெயில் தாழும்போது ஒரு பெரிய ஏப்பம் விட்டு என் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டது. பாயம்மா என்னையே பார்த்தாள். "பேரு வெக்கலன்னாலும் இப்படித்தான் ஆவும்போல" என்றாள்.

அன்றிலிருந்து என் ஜெபம் கோணலாகிவிட்டது. அந்தப் பையன் வந்துவிட வேண்டும் என்று கேட்டேன். அதே மூச்சில் இந்தக் கடா என்னோடு இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

பையன் வந்துவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை, கதவைத் தட்டுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால், கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு அவன். காட்டில் ஓடியதில் கூட்டத்தைப் பிரிந்து, போனும் தொலைந்து, பாஷை தெரியாத ஊரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். யாரையாவது கூப்பிட்டால் பிடித்துவிடுவார்களோ என்று பயம். பஸ் ஏற வழி கிடைத்ததும் வந்துவிட்டான்.

"நெழலுதான் நர்சம்மா! நீங்க சொன்ன மாரியே நெழலுதான்!" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவன் தலையைத் தொட்டேன். இந்த உலகத்தில் அந்தத் தலையை முதலில் தொட்டது இந்தக் கைதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு துளி பொய் இல்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்து வந்ததும் பொய் இல்லை.

"சனிக்கிழம கறி சோறு, நர்சம்மா. ஊரே வருது. நீங்கதான் ஜெபம் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

பலி வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். "பலி இல்லீங்க, சோறுதான். சந்தோஷத்துக்கு" என்றாள். வேறு ஆடு ஒன்று வாங்கித் தருகிறேன், இதை என்னிடமே விட்டுவிடு என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கடாவுக்குப் பதிலாகத்தான் மகன் வந்தான் என்று நம்புகிறவளிடம் கடாவைக் கேட்பது மகனைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம். என்னால் கேட்க முடியவில்லை.

பையன் கயிற்றை அவிழ்த்து இழுத்தான். கடா நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கிற குடும்பம். தாயும் மகனும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. "நீங்க புடிங்க நர்சம்மா, உங்க பின்னாடி வரும்" என்றாள் அவள். நான் கயிற்றை வாங்கினேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. நான் நடந்தேன், அது பின்னால் வந்தது. வாசல் தாண்டி, தெருமுனையில் நின்ற வண்டி வரை, என் முழங்கையை முகர்ந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் வந்தது. ஆபிரகாம் எப்படி நடந்திருப்பான் என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விசுவாசத்தோடு நடந்தான் என்பார்கள். கயிறு கையில் இருக்கும்போது விசுவாசம் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. கால் மட்டும்தான் நடக்கிறது.

வண்டியில் ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை போகாமல் இருக்க முடியாது. போனேன். ஊரே கூடியிருந்தது. அவள் புருஷன்கூட அன்று மேட்டுப் பக்கம் போகவில்லை. பாட்டு முடியும் வரை வாசலில் கைகட்டி நின்றார். நான் ஜெபம் செய்தேன். எனக்குத்தான் முதல் இலை. பையனே பரிமாறினான். சாமைச் சோறும் கறிக்குழம்பும். அவள் என் எதிரில் உட்கார்ந்து நான் முதல் வாய் வைப்பதற்காகக் காத்திருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் இலையை மடக்க எனக்கு உரிமை இல்லை. சாப்பிட்டேன். இலையில் இருந்தது எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, என்னைப் போலவே கையை நீட்டிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். "கெடா போச்சு, புள்ள வந்துச்சு. இது யாருக்கு நெழலு?"

"ஏசுவுக்கு!" என்றது ஊர். என் உதடு மட்டும் அசைந்தது.

பாயம்மா அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக மணலூர்பேட்டை போயிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல மதிலுக்கு மேலே அவள் கை வந்தது, அகத்திக்கீரைக் கட்டோடு. "அக்கா, இந்தாங்க. நாலு நாளா பட்டினி போட்டுட்டேன் பாவம்." நான் போய் வாங்கிக்கொண்டேன். முருங்கை மரத்தில் கயிறு தேய்த்த இடம் வெளுத்திருந்தது. கீரையை அங்கே போட முடியாது, எறியவும் மனமில்லை. உள்ளே கொண்டுபோய் ஆய்ந்து, பொரியல் செய்து, சோறு வடித்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கசந்தது. உப்பும் குறைவு.

எதிரில் அவர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"யாருக்கும் நிழல் இல்லைங்க" என்று சத்தமாகவே சொன்னேன். "இது நிஜம்."